எந்தப் பதிப்பை வாங்குவது? ஆஸி ஆஸ்போர்னின் ‘ப்ளிசர்ட் ஆஃப் ஆஸ்’

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலேய ராக் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் ‘ப்ளிசர்ட் ஆஃப் ஆஸ்’ என்ற இசைத்தட்டை வாங்குவதானால் 2011-இல் வந்த முப்பதாம் ஆண்டுப் பதிப்பை வாங்குங்கள். 2002 பதிப்பு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஊட்டியிலோ குன்னூரிலோ பழைய பங்களா காலி செய்யும்போது விற்கிற சாமான்களுக்கு நடுவே, 1980களில் அச்சான எல்.பி. (பெரிய கறுப்பு இசைத்தட்டு) ஒன்று கீறலில்லாமல் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் இந்தப் பாகுபாடு என்று விளக்கத்தான் இந்த மதிப்புரை. ஆனால் அதற்கு முன் வௌவாலைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஆஸி என்ற பெயரைச் சொன்னதும் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது பாட்டல்ல, அந்த வௌவால்தான்.

1982 ஜனவரி 20 அன்று அமெரிக்காவின் டி மாய்ன் நகரில், ரசிகர் ஒருவர் மேடைமேல் எறிந்த வௌவாலின் தலையை ஆஸி கடித்தார். ரப்பர் பொம்மை என்று நினைத்ததாகப் பின்னால் சொன்னார். அதற்குப் பிறகு வெறிநாய்க்கடிக்குப் போடும் ஊசியை வரிசையாகப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. வெறிநாய்க்கடி சிகிச்சைக்காகத் தொடங்கப்பட்ட பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டை 1907 முதல் தங்கள் ஊரில் வைத்திருக்கும் குன்னூர்க்காரர்களுக்கு அந்த ஊசியின் கனத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு முந்தைய ஆண்டு ரெக்கார்டு கம்பெனிக் கூட்டத்தில் ஒரு புறாவின் தலையைக் கடித்தார். அடுத்த மாதம் டெக்ஸாஸில் அலமோ போர் நினைவுத்தூணில் சிறுநீர் கழித்ததற்காகக் கைது. 1989-இல் மனைவியின் கழுத்தை நெரித்ததாகக் கைது. வழக்கு பிறகு கைவிடப்பட்டது. இவையெல்லாம் நடந்தவை. கலைஞனின் குறும்பு என்று இவற்றை மழுப்புவது தவறு, அதிலும் கடைசியானதை மழுப்பவே கூடாது. குடியும் போதையும் அந்த மனிதரையும் அவர் வீட்டாரையும் எந்த அளவுக்குச் சிதைத்தன என்பதை அவரே பலமுறை ஒளிவில்லாமல் பேசியிருக்கிறார்.

ஆனால் காலவரிசையைப் பாருங்கள். இந்தத் தட்டு பதிவானது 1980-இன் முற்பாதியில், இங்கிலாந்தின் சர்ரே பகுதியிலுள்ள ரிட்ஜ் ஃபார்ம் ஸ்டுடியோவில். பிரிட்டனில் அது வெளியானது அதே ஆண்டு செப்டம்பரில். புறாவும் வௌவாலும் அதற்குப் பின்னால் வந்தவை. 1979-இல் ‘பிளாக் சப்பாத்’ குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டு, தன் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு பாடகர், பெயர் தெரியாத ஓர் இளம் கிட்டார்க்காரரோடு சேர்ந்து செய்த வேலை இது. பயமுறுத்தும் ஆளைத் தேடிக் கேட்டால் இதில் கிடைக்கமாட்டார். பயந்துபோயிருக்கும் ஆள்தான் கிடைப்பார்.

இனி, செய்தித்தாள்கள் வௌவாலுக்குக் கொடுத்த இடத்தில் நூறில் ஒரு பங்குகூடக் கொடுக்காத விஷயத்துக்கு வருவோம். கேட்பவருக்கு உண்மையில் கோபம் வர வேண்டியது இதற்குத்தான்.

இந்தத் தட்டில் வாசித்தவர்கள்: கிட்டார் ராண்டி ரோட்ஸ், பேஸ் கிட்டார் பாப் டெய்ஸ்லி, டிரம்ஸ் லீ கெர்ஸ்லேக், கீபோர்டு டான் ஏரி. பாட்டு வரிகளில் பெரும்பகுதி டெய்ஸ்லி எழுதியவை. பிற்பாடு டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும் தங்களுக்குச் சேர வேண்டிய பங்குத்தொகைக்காக வழக்குத் தொடர்ந்தார்கள். 2002-இல் தட்டு மறுபதிப்பு ஆனபோது அவர்கள் இருவரின் வாசிப்பும் அழிக்கப்பட்டு, அந்த இடத்தில் ராபர்ட் ட்ருஹீயோவின் பேஸும் மைக் போர்டினின் டிரம்ஸும் புதிதாகப் பதிவு செய்யப்பட்டன. 1981-இல் வந்த அடுத்த தட்டு ‘டைரி ஆஃப் எ மேட்மேன்’. அதற்கும் இதே கதி நேர்ந்தது. அதில் இன்னொரு அநியாயமும் உண்டு. முதல் பதிப்பிலேயே வாசித்த இவர்கள் இருவரின் பெயரும் போடப்படவில்லை. உறையில் இருந்தது, பின்னால் சுற்றுப்பயணத்துக்குச் சேர்ந்த வேறு இருவரின் பெயரும் படமும்.

இது எவ்வளவு பெரிய சேதம் என்று புரிய, ஒரு பழைய கச்சேரி ஒலிப்பதிவை நினைத்துக்கொள்ளுங்கள். பாடகரின் குரலையும் வயலினையும் அப்படியே வைத்துக்கொண்டு, மிருதங்கத்தையும் கடத்தையும் அழித்துவிட்டு, இருபது வருடம் கழித்து வேறு இருவரை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? புதியவர்கள் தாளம் தப்பமாட்டார்கள். ஆனால் வயலின்காரர் எங்கே மூச்சுவிட்டார், எந்த இடத்தில் மிருதங்கத்தைத் திரும்பிப் பார்த்தார் என்பதெல்லாம் அந்த அறையோடு போய்விட்டது. ரோட்ஸ் 1982 மார்ச் 19 அன்று ஃபுளோரிடாவில் சிறு விமான விபத்தில், 25 வயதில் இறந்துவிட்டார். 2002-இல் வாசித்தவர்கள் இல்லாத மனிதர் ஒருவரின் கிட்டாருக்குப் பின்தாளம் போட்டார்கள். ட்ருஹீயோவும் போர்டினும் தேர்ந்த வாத்தியக்காரர்கள்தான், குற்றம் அவர்களுடையதல்ல. செய்திருக்கவே கூடாத வேலை அது.

2011 பதிப்பில் அசல் பேஸும் டிரம்ஸும் திரும்பி வந்தன. எல்.பி.யாகவும் சி.டி.யாகவும் வந்தது. 1995-இல் வந்த சி.டி.யும் அசல் வாசிப்புதான், அது கிடைத்தாலும் தாராளமாக வாங்கலாம். கடையில் கையிலெடுத்துப் பார்க்கும்போது முதலில் பின்னட்டையின் அடியிலும் தட்டின் விளிம்பிலும் பொடி எழுத்தில் உள்ள ஆண்டுகளைப் பாருங்கள். 1980, 1981-உடன் 2002 என்றும் இருந்தால் சந்தேகப்படுங்கள். அடுத்து உள்ளே உள்ள சிறு புத்தகத்தில் பேஸ், டிரம்ஸ் யார் என்று பாருங்கள். கூடுதல் பாட்டு இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது ஏமாற்றும். உறைப்படமும் உதவாது, சிவப்பு அங்கி, கையில் சிலுவை, தரையில் மண்டை ஓடு, பூனை என்று எல்லாப் பதிப்பிலும் அதே படம்தான். பழைய சாமான் வியாபாரியிடம் வாங்கும்போது உறை ஒரு பதிப்பு, உள்ளே தட்டு வேறு பதிப்பு என்பதும் நடக்கும். அதனால் தட்டின் விளிம்பைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். செல்போனில் கேட்பவர்கள் 2020-இல் வந்த நாற்பதாம் ஆண்டுப் பதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் மேடைப் பதிவுகளும் சேர்ந்திருக்கும்.

சரி, பாட்டுக்கு வருவோம். மொத்தம் ஒன்பது பாட்டு, 40 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. எல்.பி.யில் பக்கத்துக்கு ஏறத்தாழ 20 நிமிடம்தான் என்பதால் பள்ளங்கள் நெருக்கியடிக்காமல் வெட்டப்பட்டிருக்கும், அடிச்சுருதி (கனத்த கீழ் ஒலி) நன்றாக வரும்.

முதன்முறை கேட்பவர் முதல் பாட்டிலிருந்து தொடங்க வேண்டாம் என்பது எங்கள் யோசனை. மூன்றாவதாக உள்ள ‘குட்பை டு ரொமான்ஸ்’ பாட்டை முதலில் போடுங்கள். தன் பழைய குழுவுக்கு ஆஸி சொன்ன பிரியாவிடை இது. மெதுவான பாட்டு, கூச்சல் கிடையாது. ஆஸியின் குரலை இதில்தான் தனியாகப் பிடிக்க முடியும். மெல்லிய, மேல்சுருதிக் குரல், கொஞ்சம் மூக்கில் பாடுவதுபோல் இருக்கும். கமகமோ அலங்காரமோ கிடையாது. சுரத்தை நேராகப் போய்த் தொடும், அங்கேயே நிற்கும். அதே வரியை அவரே மறுபடி பாடி முதல் குரலின்மேல் பதித்திருப்பார்கள். இரண்டு குரலும் இம்மி பிசகிச் சேர்வதால்தான் அந்தக் குரலுக்கு உலோகத் தகடு அதிர்வதுபோன்ற ஒரு விளிம்பு வருகிறது. பதினான்கு வயதில் பீட்டில்ஸ் பாட்டைக் கேட்டுத்தான் பாடகனாக வேண்டும் என்று முடிவு செய்தவர் அவர். அந்த மெட்டு ஆசை இந்தப் பாட்டில் வெளிப்படையாகத் தெரியும்.

அடுத்து அப்படியே விட்டால் ‘டீ’ வரும். கிட்டார் மட்டும், 50 நொடி. ரோட்ஸ் தன் தாய் டெலோரஸுக்காக வாசித்தது. அவர் அம்மா கலிஃபோர்னியாவில் இசைப்பள்ளி நடத்தியவர், மகன் அங்கேதான் படித்தார், பின்பு அங்கேயே கற்றும் கொடுத்தார். ராக் தட்டு நடுவே இந்த 50 நொடி ஏன் என்று கேட்டால், மற்ற எட்டுப் பாட்டிலும் அவர் விரல் என்ன செய்கிறது என்பதற்கான திறவுகோல் அதுதான்.

பிறகு ‘கிரேஸி ட்ரெயின்’. தொடக்கக் கிட்டார் வரியை நம் கணக்கில் கேட்டுப் பாருங்கள். எஃப் ஷார்ப், அதாவது நாலரைக் கட்டையைச் சட்ஜமாக வைத்தால், அந்த ஒரே வரியில் நடபைரவி ராகத்தின் ஏழு சுரமும் வந்துவிடுகின்றன. முதல் பாதி சட்ஜத்துக்குத் திரும்பித் திரும்பி வந்து பஞ்சமத்தையும் தைவதத்தையும் தொடும். இரண்டாம் பாதி மத்தியமத்திலிருந்து இறங்கி, மறுபடி ஏறி, கடைசியில் மந்திர நிஷாதத்தில் நிற்கும். அங்கிருந்து மறுபடி சட்ஜத்தில் விழும்போது வருகிற உந்தல்தான் பாட்டின் எஞ்சின். பைத்தியக்காரன் ரயிலைப் பற்றிப் பாடுகிறான் என்று நினைப்பவர்கள் வரிகளைப் படிக்க வேண்டும். அமெரிக்காவும் சோவியத்தும் அணுகுண்டோடு முறைத்துக்கொண்டிருந்த காலத்தில் வளர்ந்தவர்களின் பயம் அது. தனி வாசிப்பை ரோட்ஸ் ஒன்றன்மேல் ஒன்றாக மறுபடி மறுபடி அச்சுப்பிசகாமல் வாசித்துப் பதித்திருக்கிறார். ஹெட்ஃபோனில் கேட்டால் ஒரே வரி இரண்டு காதிலும் வெவ்வேறு கையால் வருவது தெரியும்.

‘மிஸ்டர் க்ரோலி’ பற்றி வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள், அதிலும் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகும் வீடுகளில். க்ரோலி என்பவர் 1947-இல் இறந்த ஆங்கிலேய மாந்திரீகர். பாட்டு அவரைத் துதிக்கவில்லை. நீ என்ன செய்துகொண்டிருந்தாய், உன் தலைக்குள் என்ன ஓடியது என்று அவரிடம் கேள்வி கேட்கிறது. டான் ஏரியின் கீபோர்டு முன்னுரை கோயில் ஆர்கன்போலத் தொடங்கும். இதிலுள்ள இரண்டு கிட்டார்த் தனி வாசிப்புகளுக்காக மட்டுமே இந்தத் தட்டை வாங்கலாம் என்போம். இரண்டாவது வாசிப்பு பாட்டு தேயும்போதும் நிற்காமல் போகும். சத்தத்தைக் கூட்டிவைத்துக் கடைசி நொடிவரை கேளுங்கள்.

‘சூசைட் சொல்யூஷன்’ பாட்டால்தான் நீதிமன்றம்வரை போக நேர்ந்தது. ஓர் இளைஞரின் தற்கொலைக்கு இந்தப் பாட்டுத்தான் காரணம் என்று கலிஃபோர்னியாவில் பெற்றோர் தொடுத்த வழக்கு தள்ளுபடியானது. 1988-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ‘சொல்யூஷன்’ என்ற சொல்லுக்குத் தீர்வு என்றும் கரைசல் என்றும் இரண்டு பொருள் உண்டு. பாட்டு பேசுவது இரண்டாவதை, பாட்டிலில் இருப்பதை. குடி மெதுவாகக் கொல்கிறது என்பதுதான் அதன் பொருள். வரி எழுதிய டெய்ஸ்லி, ஆஸியின் குடியைப் பார்த்துத்தான் எழுதியதாகச் சொன்னார். டாஸ்மாக் வாசலைத் தினம் கடந்துபோகும் நமக்கு இந்தப் பாட்டு அன்னியமானதே அல்ல. ஆனாலும் மனம் தளர்ந்திருக்கும் நேரத்தில் தனியாகக் கேட்கத் தகுந்த பாட்டல்ல என்பதையும் பொறுப்போடு சொல்ல வேண்டும்.

‘ரெவலேஷன்’ பூமித்தாயிடம் கேட்கும் மன்னிப்பு. நடுவில் பியானோ மட்டும் நிற்கும் இடம் அழகு. ‘ஸ்டீல் அவே’ வேகம். ‘நோ போன் மூவீஸ்’ இருப்பதிலேயே சாதாரணமான பாட்டு, தாண்டிப்போனால் நஷ்டமில்லை.

இருட்டான விஷயங்களைப் பாடினாலே சாத்தானுக்குப் பாடுவது என்ற குற்றச்சாட்டு ‘பிளாக் சப்பாத்’ காலத்திலிருந்தே தொடர்வது. அந்தக் குழுவின் பெயரையே கொண்ட 1970-ஆம் ஆண்டுப் பாட்டு மூன்று சுரத்தில் நிற்கிறது: சட்ஜம், மேல் சட்ஜம், பிரதி மத்தியமம். மேற்கே அந்த இடைவெளிக்குப் பிசாசுப் பெயர் உண்டு. கல்யாணியும் பந்துவராளியும் கேட்டு வளர்ந்த காதுக்குப் பிரதி மத்தியமத்தில் பயப்பட என்ன இருக்கிறது? பயம் வருவது சுரத்தால் அல்ல, அதைப் பஞ்சமத்துக்கு ஏறவிடாமல் அப்படியே அந்தரத்தில் நிறுத்துவதால். சாவைப் பற்றி வாசிப்பதும் சாவை விரும்புவதும் ஒன்றல்ல என்பது இந்த நீலகிரி மலைக்குத் தெரியும். இங்குள்ள பழங்குடிகளான கோத்தர்கள் கொல் குழலில் தெய்வத்துக்கு வாசிக்கும் மெட்டுகள் வேறு, சாவுக்கு வாசிக்கும் மெட்டுகள் வேறு. இரண்டுக்கும் மரியாதை உண்டு. ஆஸியும் நண்பர்களும் அணிந்த சிலுவைகள்கூட, பட்டறைத் தொழிலாளியான ஆஸியின் தந்தை உலோகத்தில் செய்து கொடுத்தவைதான்.

இனி மலைவாசிகளுக்கு. தட்டு நன்றாக இருந்தாலும் நீலகிரியின் ஈரம் கெடுத்துவிடும். கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூன் முதல், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல், உறையின் உட்பக்கம் பூசணம் பிடிக்கத் தொடங்கும். தட்டை வெளிச்சுவரை ஒட்டிய சுவரலமாரியில் வைக்காதீர்கள். கல் சுவர் நீர் விடும். உட்சுவர் பக்கம், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், செங்குத்தாக நிறுத்தி, அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்றுங்கள். பழைய எல்.பி.யில் பூசணம் இருந்தால் துணியால் உலரத் துடைக்கக் கூடாது, அது பள்ளத்துக்குள் அழுந்திவிடும். வாலைவடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) நாலு பங்கு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரே சொட்டு. மிருதுவான தூரிகையால் பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் தேய்த்து, வெறும் வாலைவடிநீரில் அலசி, நிழலில் நிறுத்திவையுங்கள். நடுக் காகித லேபிளில் நனைச்சல் படக் கூடாது. அந்தத் தட்டைப் பழைய காகித உறைக்குள் திரும்பப் போட்டால் செய்த வேலை வீண், புது பிளாஸ்டிக் உள்ளுறை வாங்குங்கள். 78 சுழற்சி அரக்குத் தட்டுகளுக்கு இந்தக் கலவை ஆகாது, ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.

டிசம்பர், ஜனவரிக் காலையில் பெல்ட் வைத்த டர்ன்டேபிளை எடுத்த எடுப்பில் போட்டால் பெல்ட் விறைத்து, வேகம் குறைந்து, சுருதி இறங்கும். தட்டு வைக்காமல் பத்து நிமிடம் சுழலவிடுங்கள். சி.டி. பிளேயரைக் குளிர்ந்த அறையிலிருந்து கணப்பு உள்ள அறைக்குக் கொண்டுவந்தால் லென்ஸில் பனி படிந்து தட்டைப் படிக்காது. ரிப்பேருக்குக் கொடுத்துவிட வேண்டாம், அரைமணி நேரம் வெறுமனே மின்சாரத்தில் போட்டுவையுங்கள். மரப்பலகைத் தரை வீடுகளில் நடந்தாலே முள் குதிக்கும். டர்ன்டேபிளைச் சுவரில் அடித்த பலகைமேல் வைப்பது ஒன்றே வழி. முள்ளின் அழுத்தத்தைக் கூட்டி அடக்கப் பார்த்தால் தட்டு தேயும். முள்ளைத் தாங்கும் சாதாரணக் காட்ரிட்ஜ்களுக்கு 2 கிராம் அளவில் போதும், கூடவந்த குறிப்புச் சொல்லும் அளவைத் தாண்டாதீர்கள். தகரக் கூரை வீட்டில் மழை பெய்யும்போது ‘டீ’ கேட்காது. அதை ஹெட்ஃபோனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இது பிடித்துப்போனவர்கள் முன்னோக்கிப் போவதைவிடப் பின்னோக்கிப் போவது நல்லது. 1970-இன் ‘பாரனாய்ட்’, 1971-இன் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ என்ற ‘பிளாக் சப்பாத்’ தட்டுகள் இரண்டும் போதும். ‘பாரனாய்ட்’ தட்டின் முதல் பாட்டு போரை நடத்தும் பெரிய மனிதர்களைச் சாடுவது. அதே தட்டில் ‘அயர்ன் மேன்’ பாட்டில் குரல் கிட்டார் வரியையே அப்படியே பின்தொடரும். நம் கச்சேரியில் வயலின் பாட்டை நிழல்போலத் தொடரும் அல்லவா, இங்கே வாத்தியத்தைப் பாட்டு தொடர்கிறது. ஆஸிக்குப் பாடத் தெரியாது என்பவர்கள் இதைத்தான் குறையாகச் சொல்வார்கள். கனமான ஒரு வரியை உடைக்காமல் அதன்மேல் நடக்க அந்த நேர்க்குரல்தான் சரி.

‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ தட்டின் கனத்துக்குக் காரணம் ஒரு தொழிற்சாலை விபத்து. கிட்டார்க்காரர் டோனி அயோமி 1965-இல், 17 வயதில், பர்மிங்ஹாம் தகடு வெட்டும் ஆலையில் வலது கையின் இரண்டு விரல்நுனிகளை இழந்தார். இடது கைப் பழக்கக்காரர் என்பதால் தந்தி அழுத்தும் கை அது. உருக்கிய பிளாஸ்டிக் பாட்டிலில் தனக்குத்தானே விரல் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய தந்தி பூட்டி வாசித்தார். இந்தத் தட்டில் பல பாட்டுகளுக்குத் தந்தியைத் தளர்த்தி, மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு இறக்கினார். அருவங்காட்டு வெடிமருந்து ஆலைக் குடும்பங்களில் இயந்திரம் என்ன செய்யும் என்று அறிந்தவர்கள் இந்தத் தட்டை ஒருமுறை நல்ல ஸ்பீக்கரில், அடிச்சுருதியைக் கூட்டாமல் கேட்க வேண்டும். கூட்டினால் பேஸ் கிட்டாரும் கிட்டாரும் கலங்கி ஒன்றாகிவிடும்; குமிழை நடுவில் வைத்து, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள்.